முகூர்த்தம் குறிக்கும் முன் விசா வழியைக் குறியுங்கள்

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், மொழிபெயர்ப்பு, ஆன்லைன் விண்ணப்பம். ஓர் ஆவணி மாதம் ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். மாப்பிள்ளை அமெரிக்கக்காரர், பெங்களூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்த பழக்கம். "அக்கா, கே-1 விசாவுக்கு மும்பையில இன்டர்வியூ. போட்டோ பிரிண்ட் போடணும்" என்று போனை நீட்டினாள்.

நிச்சயதார்த்தப் படங்கள். இரண்டு பேர் கழுத்திலும் ரோஜா மாலை. அரக்கு நிறப் பட்டு, வகிட்டில் குங்குமம், பின்னால் நின்று பெரியவர்கள் அட்சதை போடுகிறார்கள். "இது நிச்சயமா, கல்யாணமா?" என்று கேட்டேன். அம்மா சிரித்தார். "நிச்சயந்தானுங். மாலை மாத்தறது நம்ம வழக்கந்தானே."

நமக்கு வழக்கம். மும்பைத் தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைக் கல்யாணமாகவே பார்க்கலாம். கே-1 இன்னும் கல்யாணம் ஆகாத ஜோடிக்கான விசா. ஆகிவிட்டது என்று அதிகாரி முடிவு செய்தால் அந்த வழி அங்கேயே அடைபடும். மனைவிக்கான மனுவை முதலிலிருந்து போட வேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்ததெல்லாம் போச்சு.

வெளிநாட்டுத் துணையோடு சேர்ந்து வாழப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஜோசியரிடம் நாள் குறிக்கப் போகும் முன் விசா வழியைக் குறித்துவிடுங்கள். தாலி எங்கே, எந்தச் சட்டத்தில், எப்போது ஏறுகிறது என்பதைப் பொறுத்து வழி மாறும். நம் ஊரில் தலைகீழாக நடக்கிறது. கல்யாணத்தை முடித்து, விருந்து போட்டு, மாப்பிள்ளையை விமானம் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் "இனி என்ன ஃபார்ம் போடணும்?" என்று வருகிறார்கள்.

முதல் படி: அவர் அந்த நாட்டில் யார்?

குடிமகனா, நிரந்தர வசிப்புரிமை உள்ளவரா, வேலை அல்லது படிப்பு விசாவில் இருப்பவரா? "அங்கதான் இருக்காரு, நல்ல சம்பளம்" என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒரு ஃபார்மும் நிரப்ப முடியாது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் அல்லது வசிப்பு அட்டையின் இரு பக்கமும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். பிற்பாடு தெரிவதைவிட இந்தக் கூச்சம் மேல்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கே-1 மனுவைக் குடிமக்கள் மட்டுமே போடலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் கல்யாணம் செய்துகொண்டு, தம் போன்றவர்களின் துணைகளுக்கான எஃப்2ஏ வரிசையில் நிற்க வேண்டும். யார் முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் வரும் விசா புல்லட்டின் பட்டியலைப் பார்த்து நாள் எண்ண வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்கு எச்-4. அதில் போய்ச் சேரலாம், ஆனால் உடனே வேலைக்குப் போக முடியாது. கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருப்பது போன்ற நிலை வந்த பிறகுதான் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். 2015 முதல் இதுதான் ஏற்பாடு.

பிரிட்டனிலும் வேறுபாடு உண்டு. 2024 மார்ச் 11 முதல் அங்கே பராமரிப்புப் பணியாளர் விசாவுக்கு விண்ணப்பித்தவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. நம் பாலக்காடு, திருச்சூர்ப் பக்கத்திலிருந்து அந்த வேலைக்குப் போனவர்கள் நிறைய. இது தெரியாமல் பத்திரிகை அடித்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: கல்யாணம் இங்கேயா, அங்கேயா?

இங்கே என்றால், எந்தச் சட்டத்தில்? இருவரும் இந்துக்கள் என்றால் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் போதும். மாப்பிள்ளை வேறு மதத்தவர் என்றால், "கோவிலில் வைத்து மதம் மாற்றிக் கட்டிவிடலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். காகிதத்துக்காக மதம் மாறுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதற்குத்தான் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. நேர் வழி அது. அதன் கணக்கு மட்டும் மனப்பாடமாக இருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் நோட்டீஸுக்கு முன் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அது நீங்களாக இருந்தால் போதும். நோட்டீஸ் கொடுத்த பிறகு ஆட்சேபத்துக்கு 30 நாள். நோட்டீஸ் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால் மறுபடி நோட்டீஸ். கல்யாணத்தன்று மூன்று சாட்சிகள்.

இந்தக் கணக்கில்தான் வெளிநாட்டு மாப்பிள்ளைகள் சிக்குகிறார்கள். மூன்று வாரம் லீவு போட்டு வருவார். வந்திறங்கி நோட்டீஸ் கொடுத்தால், லீவு முடிந்து திரும்பும்போதும் நோட்டீஸ் பலகையில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்று, ஆறேழு வாரம் தங்குகிற மாதிரி வர வேண்டும். இல்லாவிட்டால் நோட்டீஸுக்கு ஒருமுறை, கல்யாணத்துக்கு ஒருமுறை என்று மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை வர வேண்டும். அவர் கல்யாணம் ஆகாதவர் அல்லது விவாகரத்தானவர் என்பதற்கு அவருடைய நாட்டுத் தாளும் வேண்டும். சில நாடுகளின் தூதரகங்கள் தடையில்லாச் சான்று தரும். அமெரிக்கத் தூதரகம் அப்படி ஒன்று தருவதில்லை. அவரே உறுதிமொழி எழுதி அங்கே நோட்டரி கையெழுத்து வாங்க வேண்டும். டிக்கெட் போடும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் போய், எதை ஏற்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

கிறிஸ்தவ வீடுகளுக்கு ஒரு தனிச் சேதி. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்க் கத்தோலிக்கர் நிறைய. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பழைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலப் பகுதிகளுக்குப் பொருந்தாது. 1956 நவம்பர் 1-க்கு முன் அந்த மாநிலத்தில் இருந்த ஊர்களுக்கு இன்றும் அப்படித்தான். எங்கள் சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்ஜியம். அதனால் மாதா கோவில் பதிவேட்டு நகலை மட்டும் தூதரகத்துக்கு அனுப்பினால் "அரசுப் பதிவு எங்கே?" என்ற கேள்வி வரும். கேரளாவில் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ 45 நாளுக்குள் பதியுங்கள். கல்யாணம் நடந்தது பொள்ளாச்சி மண்டபம் என்றால் தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே சார்பதிவாளர், 90 நாள். எல்லைக்கு இந்தப் பக்கம் பஞ்சாயத்து, அந்தப் பக்கம் ரிஜிஸ்தர் ஆபீஸ். மண்டபம் பிடிக்கும்போதே இதையும் யோசியுங்கள்.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணுமான ஜோடிகளும் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு இந்தியாவில் அவர்கள் கல்யாணத்தைப் பதிய வழியில்லை. அங்கே போய்க் கல்யாணம் செய்துகொள்வதற்கான நிச்சய விசா, அல்லது மணமாகாத துணைக்கான விசா, பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். ஒத்த பாலினத் திருமணத்தை ஏற்கும் நாடுகளில் விசா விதிகள் அவர்களுக்கும் ஒன்றே.

மூன்றாம் படி: நாட்டுக்கு நாடு வழி

அமெரிக்கக் குடிமகனுக்கு இரண்டு வழி. கல்யாணத்துக்கு முன்: ஐ-129எஃப் மனு, கே-1 விசா. மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். போய் இறங்கி 90 நாளுக்குள், மனு போட்ட அதே ஆளைக் கட்ட வேண்டும். அதன் பிறகு கிரீன் கார்டுக்கு ஐ-485 தனியாக, கட்டணமும் தனியாக. அது நடக்கும் வரை வேலை அனுமதிக்கும், ஊருக்கு வந்துபோக அனுமதிக்கும் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பின்: ஐ-130 மனு, பிறகு தேசிய விசா மையம், அங்கே டிஎஸ்-260 விண்ணப்பம், கடைசியில் மும்பையில் நேர்காணல். அந்நாட்டில் நுழையும்போது கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருக்காவிட்டால் சிஆர்-1, ஆகியிருந்தால் ஐஆர்-1. இரண்டிலும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவே காலை வைக்கிறீர்கள். சிஆர்-1-இல் வருவது இரண்டு வருஷ அட்டை. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-751 போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். இந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பில் வட்டமிடுங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், இங்கே கல்யாணம் செய்ய முடிகிறவர்களுக்கு மனைவி வழிதான் நல்லது. மொத்தச் செலவு குறைவு, போனதும் வேலைக்குப் போகலாம். கே-1 சீக்கிரம் என்று தரகர்கள் சொல்வது விசாவரைக்கும் மட்டும் பார்த்த கணக்கு. கிரீன் கார்டு வரைக்கும் கூட்டிப் பார்த்தால் அந்த வேகம் நிற்பதில்லை. கே-1 பொருந்துவது இங்கே சட்டப்படி கட்ட முடியாதவர்களுக்கும், அங்கேதான் கல்யாணம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கும். அதை எடுத்தால் ஊரில் மாலை மாற்றாதீர்கள். மோதிரம் மட்டும் போதும்.

வருமானக் கணக்கும் இரண்டுக்கும் வேறு. கே-1 விசாவுக்கு அந்நாட்டு வறுமைக்கோட்டின் 100 சதவீதம் வருமானம் காட்டினால் போதும். மனைவி விசாவுக்கு ஐ-864 என்ற உறுதிப்பத்திரம், 125 சதவீதம். போதாவிட்டால் அங்கிருக்கும் இன்னொருவர் சேர்ந்து கையெழுத்திடலாம். அது சட்டப்படி கட்டுப்படுத்தும் தாள் என்பதைக் கையெழுத்திடுபவருக்குச் சொல்லிவிடுங்கள்.

பிரிட்டனில் தலைவலி வருமானம்தான். 2024 ஏப்ரல் 11 முதல் துணையை அழைப்பவரின் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு இருக்க வேண்டும். அதற்கு முன் 18,600. இங்கே நீங்கள் கோவை ஐடி கம்பெனியில் எவ்வளவு சம்பாதித்தாலும், வெளியிலிருந்து விண்ணப்பிக்கும்போது அந்தச் சம்பளம் கணக்கில் சேராது. சேமிப்பைக் கொண்டே காட்டுவதென்றால் 88,500 பவுண்டு, ஆறு மாதம் கையில் இருந்த பணமாக. கணவன் மனைவி விசா 33 மாதம். நிச்சய விசா ஆறு மாதம், அந்த ஆறு மாதமும் வேலை செய்யக் கூடாது, கல்யாணம் முடிந்து உள்ளேயே மறுபடி விண்ணப்பம். விசாக் கட்டணம் போக, சுகாதாரக் கட்டணம் வருஷத்துக்கு 1,035 பவுண்டு. 33 மாதத்துக்கு மூன்று வருஷக் கணக்குப் போட்டு மொத்தமாக முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் ஆங்கிலத்தில் ஏ1 என்ற ஆரம்ப நிலைத் தேர்வும் உண்டு. பரிசோதனை அவர்கள் அங்கீகரித்த கிளினிக்கில்தான். வீட்டுப் பக்கத்து லேபில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது.

ஜெர்மனியில் மனைவிக்கு ஜெர்மன் ஏ1 தேர்வு. சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலும் திருவனந்தபுரம் கோத்தே மையத்திலும் படிக்கலாம். கணவர் நீல அட்டை என்ற, படித்த வேலைக்காரர்களுக்கான அனுமதியில் அங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டவர் என்றால் இந்தத் தேர்வு வேண்டாம். அவர் ஜெர்மன் குடிமகன் என்றால் வேண்டும். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் சட்டம் அப்படி. கேரளாவில் குடியிருப்பவர்களுக்குப் பெங்களூரு தூதரகம், தமிழ்நாட்டவர்களுக்குச் சென்னை. எங்கள் கடையிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் கூப்பிடு தூரம்; அதைத் தாண்டியவர்களுக்கு ஒரு தூதரகம், தாண்டாதவர்களுக்கு இன்னொன்று.

ஜெர்மனிக்கு இன்னொரு விசேஷம்: தாள் அசல்தான் என்று நம் வெளியுறவு அமைச்சகம் போடும் அப்போஸ்டில் முத்திரையை அவர்கள் ஏற்பதில்லை. தாள்கள் உண்மையா என்று பார்க்கத் தூதரகம் தன் நம்பிக்கைக்குரிய வக்கீலை அனுப்பும், செலவு நம்முடையது. ஒருமுறை அப்படி ஒருவர் வந்து, பெண் வீட்டுக்குப் போகும் முன் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, "இந்த வீட்டுப் பொண்ணுக்கு எப்பக் கல்யாணமாச்சு, யாரு மாப்பிள்ளை?" என்று விசாரித்தார். டீக்கடைக்காரர் பெண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்து, "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆகலைங்க, தங்கமான பொண்ணு" என்று சொல்லிவிட்டார். அந்தக் கோப்பை நேராக்க நாங்கள் பட்ட பாடு! ஜெர்மனி வழி என்றால் தெருவில் நாலு வீட்டுக்காவது கல்யாணச் சேதியைச் சொல்லி வையுங்கள்.

கனடாவில் நிச்சய விசா என்பதே கிடையாது. பொதுவாகக் கல்யாணம் செய்தோ, ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தோ இருக்க வேண்டும். மனைவியை அழைக்கப் பொதுவாக வருமான வரம்பு இல்லை. மூன்று வருஷம் பார்த்துக்கொள்வேன் என்று உறுதி எழுத வேண்டும். ஆனால் அழைப்பவரே முன்பு ஒரு துணையால் அழைக்கப்பட்டுக் கனடா போனவர் என்றால், நிரந்தர வசிப்புரிமை கிடைத்து ஐந்து வருஷம் ஆகும் வரை இன்னொரு துணையை அழைக்க முடியாது. இரண்டாம் கல்யாணத்து மாப்பிள்ளைகளிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆஸ்திரேலியாவுக்கு, வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் துணைக்கு 309 என்ற தற்காலிக விசா, அதன் தொடர்ச்சி 100 என்ற நிரந்தர விசா. நிச்சயத்துக்கு 300, அது ஒன்பது முதல் பதினைந்து மாதம். 309 கட்டணம் 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். மறுத்தால் பணம் திரும்பாது. அரைகுறைக் கோப்பு அனுப்பிப் பார்க்கிற நாடு இல்லை அது.

சிங்கப்பூருக்கு, கல்யாணத்துக்கு முன்பே நீண்டகால வருகை அனுமதிக்கான முன்மதிப்பீட்டுக் கடிதம் வாங்குவது புத்திசாலித்தனம். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்கு இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. ஒர்க் பெர்மிட்டில் அங்கே வேலை பார்ப்பவரோ, முன்பு பார்த்துவிட்டு ஊர் திரும்பியவரோ சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ கட்டிக்கொள்ள வேண்டுமானால், அந்நாட்டு மனிதவள அமைச்சின் அனுமதியை முதலில் வாங்க வேண்டும். கல்யாணம் கொழிஞ்சாம்பாறையில் நடந்தாலும்தான்.

"டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே கட்டிக்கிட்டு இருந்துடலாம்" என்று ஒருவர் சொல்லாத வாரமில்லை. அந்த எண்ணத்தோடு அமெரிக்காவுக்குள் நுழைந்தது பொய்த் தகவல் என்று தீர்மானமானால் வாழ்நாள் தடை விழலாம். பிரிட்டனில் வருகை விசாவிலிருந்து துணை விசாவுக்கு உள்ளேயே மாற முடியாது. ஆஸ்திரேலியாவில் சில வருகை விசாக்களில் 8503 என்ற நிபந்தனை அச்சாகியிருக்கும். அது இருந்தால் உள்ளிருந்து வேறு விசாவுக்கு விண்ணப்பிப்பது பொதுவாக நடக்காது.

நான்காம் படி: தாள்கள், அதிலும் பெயர்

இங்கேதான் எல்லை ஊர்க்காரர்களுக்குத் தனிப் பாடு. தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னால்: க. செல்வி. கேரளாவில் பின்னால்: செல்வி கே. ஒரே பெண் எட்டாம் வகுப்புவரை ஆனைமலையில், பிறகு சித்தூரில் படித்தால், இரண்டு பள்ளித் தாளில் இரண்டு பெயர். ஆதாரில் மூன்றாவதாக, செல்வி கந்தசாமி. மும்பையிலோ லண்டனிலோ உட்கார்ந்திருப்பவருக்கு இவர்கள் மூன்று பேர். வில்லேஜ் ஆபீசில் "ஒன் அண்ட் சேம்" சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மூன்று பெயரும் ஒரே ஆள் என்று அது சொல்லும். ஆனால் முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்து, கல்யாணப் பதிவில் அதே எழுத்துகளை எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முதல் பெயரிடத்தில் எஃப்.என்.யூ., அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று விழும். கோப்பு நடக்கும்போது கணவர் பெயருக்கு மாறுகிற ஆசையையும் தள்ளி வையுங்கள். அதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

ஊர்ப் பெயரிலும் கவனம். எங்கள் தாலுகா சித்தூர். ஆந்திராவில் மாவட்டமே சித்தூர். ஒரு பையனின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பிறந்த மாநிலம் ஆந்திரப் பிரதேசம் என்று விழுந்து, அப்படியே அச்சாகியும் வந்துவிட்டது. நிரப்பியது வேறு யாருமில்லை, நான்தான். புதுப் பாஸ்போர்ட் வரும் வரை அவன் கோப்பு நின்றது. அன்றிலிருந்து அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் விண்ணப்பதாரரையே உட்கார வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். நீங்களும் யார் நிரப்பினாலும் அப்படிச் செய்யுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் பிறந்த இடத்துப் பதிவு. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் பிறந்து கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்தவருக்கு அது தமிழ்நாட்டுத் தாள். கல்யாணச் சான்று கேரளத் தாள். அப்போஸ்டில் தேவைப்பட்டால் முதலில் எந்த மாநிலம் கொடுத்ததோ அந்த மாநில அரசு ஒப்பமிட வேண்டும், பிறகு வெளியுறவு அமைச்சகம். இரண்டு தாளையும் திருவனந்தபுரத்துக்கே கொண்டுபோனால் ஒன்று திரும்பி வரும். ஆனால் "தேவைப்பட்டால்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்கத் துணை விசாவுக்கும் பிரிட்டன் துணை விசாவுக்கும் அப்போஸ்டில் கேட்பதில்லை. இத்தாலி, ஸ்பெயின் மாதிரி நாடுகளுக்கு வேண்டும். எல்லாத் தாளுக்கும் முத்திரை போட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்கிறவரிடம், எந்த நாட்டு விதியில் அது இருக்கிறது என்று கேளுங்கள்.

பிறப்பே பதியப்படாதவர்கள் பயப்பட வேண்டாம். "பதிவேட்டில் இல்லை" என்று ஒரு சான்று வாங்கி, அதோடு பள்ளிச் சான்றும் பெரியவர்களின் உறுதிமொழியும் வைத்தால் அமெரிக்கா பார்க்கும்.

போலீஸ் சான்று பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகத்தான், 500 ரூபாய். உள்ளூர் ஸ்டேஷனில் எழுதி வாங்குவது வெளிநாட்டுக்குப் பயன்படாது. துபாயிலோ கத்தாரிலோ ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள் அங்கிருந்தும் வாங்க வேண்டியிருக்கும். இன்னும் அங்கேயே இருந்தால் கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள், திரும்பி வந்தபின் அலைச்சல்.

ஐந்தாம் படி: உறவு உண்மை என்று காட்டுவது

கல்யாண ஆல்பத்தைவிட, கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் இருந்த சாதாரண நாட்கள்தான் அதிகாரிக்கு வேண்டும். போர்டிங் பாஸ், பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரை, சேர்ந்து தங்கிய ரசீது, பணம் அனுப்பிய வங்கி வரி, இரண்டு குடும்பமும் சேர்ந்து நிற்கும் படம். வாட்ஸ்அப் பேச்சை முழுசாக அச்சடித்து ஆயிரம் பக்கம் அனுப்பாதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள். மாதத்துக்கு இரண்டு பக்கம், தேதி தெரிகிற மாதிரி, தமிழில் உள்ளதை மொழிபெயர்த்து. பாதித் தமிழ், பாதி மலையாளம், நடுவில் ஆங்கிலம் என்று பேசுகிற ஜோடிகள் இங்கே உண்டு. அதையும் ஒரு வரி எழுதி விளக்கிவிடுங்கள், மூன்று மொழி பார்த்து அதிகாரி குழம்பாமல் இருக்க.

நேர்காணலில் கேட்பது சின்னக் கேள்விகள். அவருடைய அம்மா பெயர் என்ன, எந்த ஷிப்டில் வேலை, உங்கள் கல்யாணத்துக்கு அவர் வீட்டிலிருந்து யார் வந்தார்கள். முதல் கல்யாணம் ஒன்று இருந்து முடிந்திருந்தால், அவருக்கோ உங்களுக்கோ, அதை மறைக்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதிகாரிக்கு விவாகரத்துத் தீர்ப்பின் நகல் போயிருக்கும்.

அந்தப் பெண்ணின் மாலைப் படத்துக்கு வருகிறேன். படங்களை ஒளிக்க வேண்டாம் என்றேன். ஃபேஸ்புக்கில் ஏற்கெனவே அத்தை போட்டுவிட்டார். "நிச்சயதார்த்த அழைப்பிதழ்" என்று அச்சடித்த பத்திரிகையை மொழிபெயர்த்தோம். மண்டப ரசீதில் நிகழ்ச்சி என்ற இடத்தில் நிச்சயம் என்று எழுதியிருந்தது, அதையும் சேர்த்தோம். மாலை மாற்றுவது எங்கள் பக்கத்து நிச்சய வழக்கம், தாலி கட்டவில்லை, எங்கும் பதியவில்லை என்று அவளே ஒரு பக்கம் எழுதினாள். கோவையிலிருந்து மும்பைக்கு விமானம் ஏறினாள். அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் கல்யாணம் எங்கே, யார் யார் வருகிறார்கள்?" என்று கேட்டாராம். சொன்னாள். விசா வந்தது.

ஆறாம் படி: கிளம்பும் முன்

கோப்பு போடும் நாளில், அனுப்பும் முன் அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தைத் திறந்து கட்டணத்தையும் படிவத்தின் பதிப்பையும் ஒருமுறை பாருங்கள். மேலே சொன்ன தொகைகள் மாறக்கூடியவை. மாறிய மறுநாள் பழைய ஃபார்ம் போட்டால் திரும்பி வரும்.

போன பின்பு பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும். கணவர் பீரோவில் அல்ல, மாமியார் பெட்டியிலும் அல்ல. விசா துணையோடு கட்டுண்டிருப்பதால் அடி உதை பட்டும் வாய்மூடி இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் கொடுமைக்குள்ளான மனைவியோ கணவரோ துணையின் தயவில்லாமல் தாமே மனுப் போட, குடும்ப வன்முறைக்கு எதிரான விஏடபிள்யூஏ சட்டத்தில் வழி உண்டு. பிரிட்டனிலும் துணை விசாவில் வந்து கொடுமைக்குள்ளானவர்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. கிளம்பும் முன்பே இது தெரிந்திருக்கட்டும்.

ஊரில் விட்டுப்போகும் சமாச்சாரம் சில. வெளிநாட்டில் குடியேறியபின் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வங்கியில் சொன்னால் செய்துதருவார்கள். கிரீன் கார்டோ நிரந்தர வசிப்புரிமையோ வாங்கினால் இந்தியக் குடியுரிமை போகாது; அந்நாட்டுக் குடியுரிமை எடுத்தால் போய்விடும். வெளிநாட்டில் குடியேறியவர்கள் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, அப்பாவின் தென்னந்தோப்பு பாகமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக சிம் கார்டு. ஆதார், வங்கி, எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும். ரீசார்ஜ் போடாமல் விட்டால் நம்பர் வேறு யாருக்கோ போய்விடும். அங்கே உட்கார்ந்துகொண்டு வங்கிக் கணக்கைத் திறக்கக்கூட முடியாது. அந்தப் பெண் தன் சிம்மைப் பழைய பட்டன் போனில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். மாதத்துக்கு ஒரு நாள், சந்தைக்கு வரும்போது அம்மா கடைக்குள் எட்டிப்பார்த்து, "இந்த நம்பர் உசுரோட இருக்குதான்னு பாருங்" என்று நீட்டுவார். பார்த்துச் சொல்வேன்.